பழி சுமந்த அட்டவணை

கோவை கணபதியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் காலத்து மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு ஸ்குரூ டிரைவரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இஞ்சினின் சத்தத்தைக் கேட்டபடியே ஐட்லிங்கைச் சரிசெய்துவிடுவார். என்னுடைய பழைய மாருதி எஸ்டீம் காரில் இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வைக் கழற்றிவிட்டு, வேறொன்றை வைத்து நானே ட்யூன் செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது, "ஏனுங்க தம்பி, கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வெச்சதை நீங்க எதுக்குங்க கலைக்கறீங்க?" என்று கேட்டார். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டையும், புகைக்குழாயான எக்ஸாஸ்ட்டையும் மாற்றியாகிவிட்டது, கம்பெனிக்காரர் போட்ட கணக்கு இந்த இஞ்சினுக்கு இனிப் பொருந்தாது என்று பதில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தக் கணக்கை ஒருமுறையாவது நானே போட்டுப் பார்க்க வேண்டும் என்கிற பல நாள் ஆசை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வண்டி இப்போது சாலையில் ஓடுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. அதனால் பதிவை ரத்து செய்துவிட்டு, செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், அந்த 2.1 கிலோமீட்டர் சுற்றில் மட்டுமே ஓட்டுகிறேன். அன்றாடம் ஓட்டும் வண்டியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வதற்குச் சட்டம் ஒரு காரணம். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் போக வண்டி வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

இஞ்சின் சுஸுகியின் ஜி13 குடும்பத்தைச் சேர்ந்தது. 1,298 சிசி, நான்கு சிலிண்டர்கள், 16 வால்வுகள், போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. அதற்கு நான் தேர்ந்தெடுத்த ஈ.சி.யு., ஆர்டுயினோ மெகா பலகையின் மேல் இயங்கும் ஸ்பீடுயினோ. அதன் மென்பொருளும் சர்க்யூட் வரைபடங்களும் எல்லோருக்கும் திறந்திருப்பவை. மடிக்கணினியில் டியூனர் ஸ்டுடியோ என்ற மென்பொருளைத் திறந்து, கேபிளைச் செருகினால், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எண்களை மாற்றலாம். மாற்றுவது அவ்வளவு எளிதாக இருப்பதே இதிலுள்ள பெரிய ஆபத்து என்பது எனக்குப் பிடிபடப் பல மாதங்கள் ஆயின.

இன்ஜெக்‌ஷன் இஞ்சினில் ஈ.சி.யு.வுக்கு உள்ள முதல் வேலை, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு காற்று போகிறது என்று கணித்து, அதற்கு ஏற்ற பெட்ரோல் விழும்வரை இன்ஜெக்டரைத் திறந்து வைப்பது. காற்றை நேராக அளக்கும் கருவியை வழியில் வைப்பது ஒரு முறை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயான மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் பார்த்துக் கணக்கிடுவது இன்னொரு முறை. போஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், 1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் வந்தது. அதன் பெயரிலுள்ள 'டி', அழுத்தம் என்று பொருள்படும் 'ட்ருக்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அரை நூற்றாண்டுக்குப் பிறகு என் எஸ்டீமில் நான் பொருத்திய முறையும் அதேதான். அன்றைய டிரான்சிஸ்டர்களின் இடத்தில் இன்று ஒரு சிறு சிப் இருக்கிறது.

கணக்கைப் பள்ளிப் பாடத்தின் அளவிலேயே போட்டுவிடலாம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 324.5 சிசி. இருபது டிகிரி வெப்பத்தில், 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம், ஆகவே சிலிண்டர் முழுதும் நிரம்பினால் உள்ளே இருப்பது 0.39 கிராம் காற்று. எத்தனால் கலக்காத பெட்ரோல் மிச்சமின்றி எரிய 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் வேண்டும் என்பதால், தேவை 26.5 மில்லிகிராம். என் இன்ஜெக்டர்களை நிமிடத்துக்கு எவ்வளவு விடுகின்றன என்று அளவு ஜாடியில் பிடித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 200 மி.லி. வந்தது, அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 2.5 மில்லிகிராம். வகுத்தால் 10.6 மில்லிசெகண்டு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லிசெகண்டு என்பதால், இந்த இன்ஜெக்டர்கள் போதும் என்றும் அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் சிலிண்டர் எப்போதும் முழுதாக நிரம்புவதில்லை. குறைந்த வேகத்தில் ஒரு அளவும், நடு வேகத்தில் வேறு அளவும், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாதி மூடியிருக்கும்போது இன்னோர் அளவுமாக நிரம்புகிறது. அந்த விழுக்காட்டை எழுதி வைக்கும் இடம்தான் வீ.இ. அட்டவணை. குறுக்கே இஞ்சினின் வேகம், நெடுக்கே மேனிஃபோல்ட் அழுத்தம், பதினாறுக்குப் பதினாறாக 256 கட்டங்கள். ட்யூனிங் என்று பலரும் சொல்வது இந்தக் கட்டங்களை நிரப்புவதைத்தான்; நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

இந்த அட்டவணைக்கு ஒரு குணம் உண்டு. யார் தவறு செய்தாலும் அது மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். சென்சார் பொய் சொன்னாலும், இன்ஜெக்டர் தாமதமாகத் திறந்தாலும், பெட்ரோலே வேறாக இருந்தாலும், விளைவு லீன் (பெட்ரோல் குறைவு) அல்லது ரிச் (பெட்ரோல் அதிகம்) என்றுதான் தெரியும். உடனே கட்டத்திலுள்ள எண்ணைக் கூட்டியோ குறைத்தோ விடலாம்; மீட்டரும் சரியென்று காட்டும். வெயில் ஏறும்வரை, அல்லது ஹெட்லைட் போடும்வரை, அல்லது வேறு பங்க்கில் பெட்ரோல் அடிக்கும்வரை அது சரியாகவே இருக்கும். என் முதல் எட்டு மாதங்கள் முழுக்க இப்படி ஊரார் பழியை அட்டவணையின் தலையில் ஏற்றுவதிலேயே கழிந்தன.

முதல் பொய்யை மட்டும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிடித்துவிட்டேன். சாவியைத் திருப்பி, இஞ்சினை ஓட்டாமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பார்த்தால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அது 96.5 கிலோபாஸ்கல் அளவில் இருக்க வேண்டும். ஊட்டியில் 77 அளவுக்கு இறங்கிவிடும். என் திரையில் 101 என்று வந்தது. மென்பொருளில் வேறொரு சென்சாரின் அளவீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கடலோரத்துக்காரர் யாராவது இதே தவறைச் செய்திருந்தால் 106 வந்திருக்கும், சந்தேகமே இல்லாமல் பிடிபட்டிருக்கும். 101 என்பது பாடப்புத்தகத்தில் பார்த்துப் பழகிய எண் என்பதால் முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

அடுத்தது டைமிங், அதாவது ஸ்பார்க் எந்தக் கணத்தில் அடிக்க வேண்டும் என்பது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க். அதன் புல்லியில் பொருத்துவதற்கு, 36 பற்களுக்கான இடத்தில் ஒரு பல் இல்லாத சக்கரத்தைக் குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். ஒவ்வொரு பல்லுக்கும் பத்து டிகிரி. பல் இல்லாத அந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ஈ.சி.யு. கிராங்க் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறது. இடைவெளிக்கும் முதல் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கும் இடையே எத்தனை டிகிரி என்று நான் சொல்ல வேண்டும். ஒரு பல்லைத் தவறாக எண்ணிவிட்டேன். ஸ்டார்ட்டர் சுற்றும்போது திணறி நின்று, பின்னுக்கு உதைத்தது. மென்பொருளில் ஸ்பார்க்கைப் பத்து டிகிரியில் பூட்டிவிட்டு டைமிங் லைட்டை அடித்துப் பார்த்ததில், புல்லியிலுள்ள குறி இருபதைக் காட்டியது. அந்தப் பத்து டிகிரிப் பிழையோடு முழு லோடில் ஓட்டியிருந்தால் பிஸ்டன்கள் மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். அதைத் திருத்திய பிறகும், வேகத்தைக் கூட்டினால் குறி இரண்டு மூன்று டிகிரி நழுவியது; பற்களை உணரும் பிக்கப் சென்சாரின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டதும் நழுவல் நின்றது. டைமிங் லைட் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது, அளவுகோல் இல்லாமல் துணி வெட்டுவதைப் போல.

இஞ்சின் ஓடத் தொடங்கிய அன்று எனக்கு இருந்த பெருமை ஒரு வாரம்தான் நிலைத்தது. எக்ஸாஸ்ட்டில் ஒரு வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரைப் பொருத்தியிருந்தேன். போஷின் எல்.எஸ்.யு. 4.9 வகை, உள்ளேயிருக்கும் ஹீட்டர் அதை 780 டிகிரி அளவுக்குச் சூடாக வைத்திருக்கும். அது காட்டுவது லாம்டா. லாம்டா 1 என்றால் பெட்ரோலும் காற்றும் கணக்காக எரிகின்றன. ஒன்றுக்குக் கீழே போனால் ரிச், மேலே போனால் லீன். ஐட்லிங்கில் அது 1.15 என்று காட்டியது. எண்களைக் கூட்டினேன். கொஞ்சம் இறங்கியது. மறுபடி கூட்டினேன். மீட்டர் ஒன்றுக்கு அருகே வந்தபோது, அந்தப் பக்கமாக வந்த நம் மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குள் நுழைந்ததும் முகத்தைச் சுளித்தார்.

"தம்பி, கண்ணு எரியுதுங்க. இதையா லீன்ங்கறீங்க?"

மீட்டரைக் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் பக்கம் காதை வைத்து, விட்டுவிட்டு வரும் ஒரு மெல்லிய டிக் சத்தத்தைக் காட்டிக்கொடுத்தார். சென்சாருக்கு முன்னால் கேஸ்கெட் ஒன்று சரியாக உட்காராமல் இருந்தது. எக்ஸாஸ்ட் வாயு ஒரே சீராகப் போவதில்லை, அலையலையாகப் போகிறது. இரண்டு அலைகளுக்கு நடுவே குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிற கணத்தில், அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை. அது இஞ்சினிலிருந்து வந்ததா, தெருவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனாலும் இதே கதைதான்: எரியாமல் வெளியேறிய காற்றில் ஆக்ஸிஜன் அப்படியே இருப்பதால், பெட்ரோல் வழிந்தோடும் இஞ்சினையும் சென்சார் லீன் என்றே சொல்லும். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் சட்டிக்கரியாக இருந்தன.

கேஸ்கெட்டை மாற்றி, ஐட்லிங் கட்டங்களைப் பழைய எண்களுக்கே கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு வந்த தொல்லைதான் என்னை மிகவும் அலைக்கழித்தது.

ஐட்லிங் ஒழுங்காக இருக்கும். பத்து நிமிடம் கழித்து ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும். உடனே இஞ்சின் மேலும் கீழுமாக மூச்சு வாங்கி, சில சமயம் நின்றேவிடும். ஃபேன் ஓடினால் ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடுகிறது, அதனால் இஞ்சின் தள்ளாடுகிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டு, ஐட்லிங்கைச் சுற்றியுள்ள ஒன்பது கட்டங்களை ரிச்சாக்கினேன். ஃபேன் ஓடும்போது இஞ்சின் நிற்கவில்லை. ஃபேன் ஓடாதபோது மறுபடியும் பெட்ரோல் நாற்றம். நடுவில் ஒரு எண்ணைத் தேடி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்தேன். இரண்டு நிலைக்கும் பொருந்தும் எண் ஒன்று இல்லவே இல்லை.

பதிவு செய்து வைத்திருந்த லாகை ஒரு நாள் இரவு நிதானமாகப் பார்த்தபோதுதான், ஃபேன் ஓடும் நேரத்தில் பேட்டரி வோல்டேஜ் 14-இலிருந்து 12.4-க்கு இறங்குவது கண்ணில் பட்டது. இன்ஜெக்டர் ஒரு மின்காந்த வால்வு. மின்சாரம் கொடுத்த கணத்திலேயே அது திறந்துவிடாது. சுருளில் மின்னோட்டம் ஏறி, ஸ்பிரிங்கை வென்று, ஊசி மேலெழும்ப ஒரு மில்லிசெகண்டு அளவில் ஆகும். வோல்டேஜ் குறைந்தால் அந்தத் தாமதம் நீளும். முழு லோடில் பன்னிரண்டு மில்லிசெகண்டு திறந்திருக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. ஐட்லிங்கிலோ கணக்கு வேறு. அழுத்தம் 35 கிலோபாஸ்கல், நிரம்பும் அளவு ஐம்பது விழுக்காடு என்று வைத்தால், 10.6-இல் தேவைப்படுவது 1.9 மில்லிசெகண்டுதான். அதில் 0.3 மில்லிசெகண்டு தாமதத்தில் போய்விட்டால், பெட்ரோலில் பதினைந்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். இஞ்சின் தள்ளாடாமல் என்ன செய்யும்?

அந்தத் தாமதத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. இன்ஜெக்டரைத் தனியே கழற்றி, வண்டியிலுள்ள அதே பெட்ரோல் அழுத்தத்தில் வைத்து, 3 மில்லிசெகண்டு துடிப்பாக ஆயிரம் முறை திறக்கச் செய்து ஜாடியில் பிடித்தேன், 6.7 மி.லி. வந்தது. பிறகு 6 மில்லிசெகண்டு துடிப்பாக ஆயிரம் முறை. இரண்டு மடங்காக 13.4 வர வேண்டிய இடத்தில் 16.7 வந்தது. கூடுதலாகக் கொடுத்த மூன்று மில்லிசெகண்டு முழுதும் பெட்ரோலாக மாறி, பத்து மி.லி.யைத் தந்திருக்கிறது, அப்படியானால் முதல் மூன்றில் இரண்டு மட்டுமே வேலை செய்திருக்கிறது, ஒன்று வீணாகியிருக்கிறது. இது 14 வோல்ட்டில். 12 வோல்ட்டில் அதே சோதனையைச் செய்தபோது வீணாகும் நேரம் 1.35 ஆனது. நான் எல்லா வோல்டேஜுக்கும் ஒன்று என்றே எழுதி வைத்திருந்தேன். திறந்த வெளியில், பேட்டரியைத் தள்ளி வைத்து, கையெட்டும் தூரத்தில் தீயணைப்பானோடு செய்த வேலை இது. வீட்டுக்குள் செய்யத் துணியாதீர்கள். இரண்டு எண்களை உரிய இடத்தில் எழுதியதும், ஃபேன் ஓடுவது மீட்டரில் தெரியவே இல்லை. அந்த ஒன்பது கட்டங்களும் பழைய எண்களுக்குத் திரும்பின.

சித்திரை வெயிலில் வந்த சிக்கலும் இதன் உடன்பிறப்புதான். ஓட்டிவிட்டுப் பதினைந்து நிமிடம் நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்தால் முதல் இரண்டு நிமிடம் இஞ்சின் லீனாகத் திணறும். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை நான் மேனிஃபோல்டின் உலோகத்திலேயே திருகியிருந்தேன். நின்றிருந்த நேரத்தில் அந்த உலோகம் சூடேறி, சென்சார் 60 டிகிரி என்று சொல்கிறது. உள்ளே போகும் காற்றோ நாற்பதைத் தாண்டுவதில்லை. சூடான காற்று லேசானது என்பதால் ஈ.சி.யு. பெட்ரோலைக் குறைத்துவிடுகிறது. சென்சாரை ஏர் ஃபில்டருக்கு அருகே பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றியதில் பெரும்பகுதி சரியாயிற்று.

த்ராட்டிலைத் திடீரென்று அழுத்தினால் ஒரு கணம் தடுமாறுவதைப் பற்றி நிறைய எழுதுவார்கள். மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும்போது பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் படிந்துவிடுவதால், அந்த நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் செய்துவந்த வேலை இது. அட்டவணை சரியாக அமைந்த பிறகு இதற்கு எனக்கு ஒரு மாலை நேரமே தேவைப்பட்டது. அட்டவணை சரியாவதற்கு முன் இதில் கைவைத்தவர்கள் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

முழு லோடை ரேஸ் டிராக்கில் ட்யூன் செய்ய முடியாது. ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே இஞ்சின் எந்தக் கட்டத்திலும் அரை நொடிகூட நிற்பதில்லை. வண்டி டைனோ உள்ள ஓர் இடத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். ரோலரின் மேல் சக்கரங்கள் சுழல, 3,000 சுற்றில் இஞ்சினை அப்படியே பிடித்து நிறுத்தி, டார்க் (சுழற்றும் விசை) எவ்வளவு என்று பார்க்கலாம். பெட்ரோலை லாம்டா 0.87 அருகே வைத்தேன். சற்று ரிச்சாக இருந்தால் எரியும் வெப்பமும் தணிகிறது, டார்க்கும் நன்றாக வருகிறது. அதை முடித்த பிறகுதான் டைமிங்கில் கைவைத்தேன்.

ஸ்பார்க்கைப் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே அடிக்க வேண்டியிருப்பதன் காரணம் எளிது. 6,000 சுற்றில் கிராங்க் ஒரு மில்லிசெகண்டுக்கு 36 டிகிரி திரும்பிவிடுகிறது. தீ பரவவோ நேரம் வேண்டும். அழுத்தம் உச்சத்தைத் தொடும் கணம், பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே இறங்கிய நிலையில் அமைய வேண்டும். டைமிங்கைப் பாதுகாப்பாக இருபது டிகிரியில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனேன். இருபத்து நான்கு, இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஒவ்வொரு படியிலும் டார்க் ஏறியது; ஏறும் அளவு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இருபத்தெட்டில் எதுவும் கூடவில்லை. வேறு யாராவது இன்னும் இரண்டு டிகிரி கொடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். டார்க் கூடாத இடத்துக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டிகிரியும் நாக்கிங்கை, அதாவது சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பதை, நோக்கி வைக்கும் அடிதான். அதில் ஒரு லாபமும் இல்லை.

நாக்கிங்கைக் கேட்பதற்கு அண்ணன் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார். ஒரு செப்புக் குழாயின் நுனியைத் தட்டையாக்கி, துளை போட்டு, இஞ்சின் பிளாக்கில் போல்ட்டோடு சேர்த்து இறுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ் செருகிக் காதுக்குக் கொண்டுவந்தோம். 74 மி.மீ. போர் உள்ள சிலிண்டரில் நாக்கிங் வந்தால் அதன் அதிர்வு கணக்கின்படி 7.7 கிலோஹெர்ட்ஸ் அருகே இருக்கும் என்று நான் எழுதி வைத்துக்கொண்டு, லேப்டாப்பில் மைக் ஒன்றையும் மாட்டியிருந்தேன். எல்லை எங்கே என்று தெரிந்துகொள்ள மட்டும் ஒரு டிகிரி கூட்டியதில், இருபத்தொன்பதில் அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தகரத்தில் அரிசி விழுவதைப் போல இருந்ததாம். என் திரையில் அந்த மேடு தெரியவே இல்லை. ரோலரின் இரைச்சலில் அது அமுங்கிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதைப் போன்ற புள்ளிகள் இருக்கின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தோம். இல்லை. இருபத்தாறில் நிறுத்திக்கொண்டேன்.

அன்று டைனோவில் நிறைவு செய்த அட்டவணையில், 4,800 சுற்றுக்கு நேரே 97 என்று ஓர் எண் இருந்தது. டர்போ இல்லாத ஒரு பழைய இஞ்சின் 97 விழுக்காடு நிரம்புகிறது என்றால் அது கேம்ஷாஃப்டின் சாதனை என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இது 2022-இல். அப்போது பங்க்குகளில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைத்தது. 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காட்டுப் பெட்ரோல் அறிமுகமாகி, படிப்படியாக எல்லா இடங்களுக்கும் வந்தது. பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டு நானும் அதை நிரப்பினேன். அடுத்த முறை டிராக்கில் எடுத்த லாகைப் பார்த்தால், இலக்கு 1.00 என்று இருந்த கட்டங்களில் 1.04, 1.05, இலக்கு 0.87 என்று இருந்தவற்றில் 0.91. ஓரிடம் இரண்டிடம் இல்லை. 256 கட்டங்களிலும் ஒரே அளவு. பழைய நானாக இருந்திருந்தால் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து 1.045-ஆல் பெருக்கிவிட்டுத் தூங்கப் போயிருப்பேன்.

எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும். இருபது விழுக்காடு கலந்த பெட்ரோலுக்குக் கணக்கிட்டால் விகிதம் 13.5 ஆகிறது, பத்து விழுக்காட்டுக்கு 14.1. சென்சார் அறிவது லாம்டாவை மட்டுமே என்பதால், மீட்டரின் முகத்தில் 14.7 என்று எழுதியிருப்பது வெறும் பெருக்கல். ஆகவே மாற வேண்டியது ஒரே ஓர் எண்: 10.6 என்று போட்டிருந்தேனே, அந்த அடிப்படை நேரம். 13.5-ஆல் வகுத்தால் அது 11.5 மில்லிசெகண்டு. அதை எழுதிவிட்டு ஓட்டினால் லாம்டா ஒன்றில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. நான்கு விழுக்காடு ரிச் என்று காட்டியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. 10.6 என்பது எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கான கணக்கு. நான் அட்டவணையை நிரப்பியதோ பத்து விழுக்காடு எத்தனாலை ஊற்றிக்கொண்டு. அடிப்படை நேரம் அப்போதே 11.0 ஆக இருந்திருக்க வேண்டும். குறைந்த நான்கு விழுக்காட்டையும் முதல் நாளிலிருந்தே அட்டவணை தன் தலையில் சுமந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தையும் அந்த அளவுக்குக் குறைத்தேன். 4,800 சுற்றுக்கு நேரே இருந்த 97, 93 ஆயிற்று. அதன் பிறகு ஓட்டியபோது லாம்டா இலக்கிலிருந்து ஒரு விழுக்காடுகூட விலகவில்லை.

அண்ணனிடம் இதையெல்லாம் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, 97-ஐ அடித்து 93 என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"அப்ப அந்த கேம்ஷாஃப்டுக்குக் குடுத்த காசு என்னாச்சுங்க தம்பி?"